பழவேற்காட்டுக் கரையில் விற்கப்பட்டவர்கள்

1622, 1623 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அடிமைகளாகக் கப்பலேற்றியது. கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகள் வருந்தி எழுதினார்கள். அந்த வருத்தத்தைத்தான் நாம் நின்று படிக்க வேண்டும். சரக்குக்குப் பஞ்சமில்லை, பணத்துக்குத்தான் பஞ்சம் என்கிறார்கள். சரக்கு என்பது மனிதர்கள். தோணிரேவு, கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம் என்று ஏரியை ஒட்டிக் கிடக்கும் இன்றைய மீனவ ஊர்களின் நடுவே, 1613-இல் எழுந்த டச்சுக்காரரின் கெல்டிரியா கோட்டையின் மண்மேடு இன்னும் இருக்கிறது. ஏரி ஆழமில்லாதது, பெரிய கப்பல்கள் முகத்துவாரத்துக்கு வெளியே கடலில்தான் நங்கூரமிட முடியும். துணி மூட்டைகளைப் போலவே வாங்கப்பட்ட மனிதர்களையும் சிறு படகுகளில்தான் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் இத்தனை பேர் ஏன் விலைக்குக் கிடைத்தார்கள் என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், பஞ்சம். அந்தப் பதில் போதாது. பஞ்சத்துக்கு முன்னால் ஒரு உள்நாட்டுப் போர் நடந்திருந்தது. பழவேற்காட்டின் அடிமை வணிகத்தை உருவாக்கியது அந்தப் போரும், அதற்குப் பின்னால் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தக் கரையை விடாமல் அலைக்கழித்த போர்களும்தான்.

விஜயநகர அரசர் வேங்கடபதி ராயர் 1614 அக்டோபரில் இறந்தார். நேர் வாரிசு இல்லாத அவர், தன் உடன்பிறந்தார் மகன் ஸ்ரீரங்கனைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போயிருந்தார். அரசியின் உறவினரான கொப்பூரி ஜக்கராயன் இதை ஏற்கவில்லை. அரசிக்குப் பிறந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு பிள்ளையை முன்னிறுத்தி, ஸ்ரீரங்கனையும் அவன் குடும்பத்தையும் வேலூரில் சிறைவைத்தான், பிறகு கொல்வித்தான். அந்தக் குடும்பத்தில் தப்பியவன் ராமதேவன் என்ற சிறுவன் ஒருவனே. வேலுகோட்டி யாசம நாயக்கர் அவனை ஒரு வண்ணாரின் உதவியால் சிறைக்கு வெளியே கடத்திக் காப்பாற்றினார் என்று அப்போது இங்கிருந்த ஏசுசபைப் பாதிரியார் மனுவேல் பர்ராதாஸ் 1616 டிசம்பரில் எழுதிய கடிதம் சொல்கிறது. அதன்பின் தென்னாடே இரண்டாகப் பிரிந்தது. தஞ்சாவூர் இரகுநாத நாயக்கர் யாசமனுடன் சேர்ந்தார். மதுரை நாயக்கரும் செஞ்சி நாயக்கரும் ஜக்கராயன் பக்கம் நின்றார்கள். கல்லணைக்கு அருகே தோப்பூரில் நடந்த பெரும்போரில் ஜக்கராயன் மடிந்தான். திருச்சிராப்பள்ளிச் சமவெளியில் பத்து லட்சம் வீரர்கள் திரண்டிருந்ததாகப் பர்ராதாஸ் எழுதுவது நம்பத் தக்க எண்ணிக்கை இல்லை. ஆனால் அருகில் இருந்த ஒருவருக்கு அப்படித் தோன்றும் அளவுக்குக் கூட்டம் இருந்தது என்பதை நம்பலாம். ஜக்கராயன் இறந்த பிறகும் போர் ஓயவில்லை. அவன் தம்பி எதிராஜன் சண்டையைத் தொடர்ந்தான். ராமதேவனுக்குப் பெண் கொடுத்துச் சமாதானமாகும் வரை வடதமிழகக் கரையில் அமைதி இல்லை. பழவேற்காட்டுச் சீமையில் கொப்பூரிக் குடும்பத்துக்கு இருந்த செல்வாக்கு காரணமாக இந்த ஊர் போரின் ஓரத்தில் அல்ல, உள்ளேயே இருந்தது.

படை நடந்த நாட்டில் பசி எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் வாதம் முழுவதும் இதன்மேல் நிற்கிறது. செங்கல்பட்டுச் சீமையின் வேளாண்மை ஏரிகளை நம்பியது. தஞ்சையினுடையது ஆற்றுக் கால்வாய்களை. கரையை உயர்த்துவது, மதகைச் செப்பனிடுவது, வண்டல் எடுப்பது எல்லாம் ஊர் கூடி ஆண்டுதோறும் செய்யும் வேலைகள். ஆட்கள் ஓடிப்போனால், அல்லது படைக்குப் பிடிக்கப்பட்டால், அந்த ஆண்டு கரை உடையும். படைக்குப் பொதி சுமக்க மாடுகள் வேண்டும். உழவு மாடு பொதிமாடாகும். குதிரைக்கும் யானைக்கும் தீனி வேண்டும். நிற்கும் பயிர் மேய்ச்சலாகும். போருக்குப் பணம் தேடும் நாயக்கர் வரியைக் குத்தகைக்கு விட்டு முன்கூட்டியே வாங்கிவிடுவார். குத்தகைக்காரர் விதைநெல்லையும் விட்டுவைக்க மாட்டார். நெல் ஏற்றிய பொதிமாட்டுக் கூட்டங்கள் பகைவரின் எல்லையைத் தாண்டிப் போக முடியாது. இத்தனையும் நடந்த நாட்டில் ஒரு பருவமழை பொய்த்தாலும் அது பெரும் பஞ்சமாகிவிடும். மழை இந்தக் கரையில் எத்தனையோ முறை பொய்த்திருக்கிறது. மழை பொய்த்த ஆண்டெல்லாம் அடிமைக் கப்பல் நிறையவில்லை. எந்த ஆண்டுகளில் நிறைந்தது என்பதை டச்சுக் கணக்குகளைத் தொகுத்த வரலாற்றாசிரியர் மார்க்கஸ் விங்க் வரிசைப்படுத்தியிருக்கிறார். அந்த வரிசையை வைத்துப் பார்த்தால் படைகளின் பாதை கண்முன் தெரிகிறது.

1645-இல் தஞ்சை, செஞ்சி, மதுரை நாயக்கர்கள் விஜயநகர அரசருக்கு எதிராகக் கிளம்பினார்கள். அந்தச் சண்டை நடுவே பிஜப்பூர்ப் படை தஞ்சை நாட்டைச் சூறையாடியது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் பிஜப்பூருக்கும் கோல்கொண்டாவுக்கும் இழுத்துச் செல்லப்பட்டதாக அக்காலக் குறிப்பு சொல்கிறது. 1646-இல் மட்டும் 2,118 பேர் பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தென்கரையைச் சேர்ந்தவர்கள். அதே காலத்தில் கோல்கொண்டாவின் படை வடக்கிலிருந்து கரையோரமாக இறங்கி வந்தது. தொடர்ந்த பஞ்சத்தில் சென்னையிலும் சாந்தோமிலும் பழவேற்காட்டிலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். 1659 முதல் 1661 வரை மீண்டும் பிஜப்பூர்ப் படையெடுப்புகள்: நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் கம்பெனி 8,000 முதல் 10,000 பேர் வரை வாங்கியது, பெரும்பகுதியினர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். 1673-க்குப் பின் மதுரைக்கும் மராட்டியருக்கும் தஞ்சைக்காக நடந்த சண்டை, அதனுடன் நீண்ட வறட்சி. 1688-இல் முகலாயர் கர்நாடகத்துக்குள் வந்தார்கள், விளைச்சலும் கெட்டது. 1694 முதல் 1696 வரை மறுபடி போர். இம்முறை தனியார் வணிகர்கள் மட்டுமே 3,859 பேரை இலங்கைக்குள் கொண்டுபோனார்கள். இந்த வரிசையில் வறட்சி சில இடங்களில் வருகிறது. படை எல்லா இடங்களிலும் வருகிறது.

வாங்கியவர்களின் தேவையும் இதற்கு இணையாக வளர்ந்தது. 1619-இல் டச்சுக்காரர் பட்டாவியாவைத் தம் தலைநகராக்கினார்கள். 1621-இல் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் பண்டாத் தீவுகளைப் பிடித்தபோது அங்கே வாழ்ந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் இறந்தார்கள், அல்லது நாடு கடத்தப்பட்டார்கள். ஜாதிக்காய்த் தோட்டங்கள் எஞ்சின. வேலை செய்ய ஆள் இல்லை. பட்டாவியாவைச் சுற்றியிருந்த சாவகத்தாரை அடிமையாக்கக் கம்பெனிக்குத் தயக்கம் இருந்தது. அவர்கள் ஓடிப்போவார்கள், கூடிக் கிளர்ச்சி செய்வார்கள். நடுவில் கடல் இருந்தால் ஓட முடியாது. பண்டா அழிந்த மறு ஆண்டே பழவேற்காட்டில் வாங்கல் உச்சத்துக்குப் போனதைத் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை. கீழைக்கடலில் ஒரு படுகொலை வேலையாட்களுக்கான தேவையை உண்டாக்கியது. சோழமண்டலக் கரையில் ஒரு உள்நாட்டுப் போர் அந்தத் தேவைக்கான ஆட்களைக் கொடுத்தது.

கம்பெனி போரை விரும்பவில்லையே, துணி வணிகத்துக்கு அமைதிதானே வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. பழவேற்காட்டுத் துணிதான் மலாய்த் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கித் தந்தது. நெசவாளர் ஓடினால் கம்பெனிக்கு நட்டம். போர்க்காலக் கடிதங்கள் நெடுகத் துணி கிடைக்காத புலம்பல் இருக்கிறது. ஆனால் இதுவே என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. நல்ல ஆண்டில் துணி, கெட்ட ஆண்டில் மனிதர்கள்; இரண்டுக்கும் ஒரே கோட்டை, ஒரே கிடங்கு, ஒரே இடைத்தரகர்கள், ஒரே படகுகள். போரை மூட்டியது கம்பெனி இல்லை. போர் உதிர்த்துப் போட்டவர்களுக்கு ஒரு நிலையான விலையையும் ஒரு வாசலையும் வைத்தது கம்பெனி. வாங்குபவர் எப்போதும் தயாராக இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, பிள்ளை பிடிப்பவன் என்ற தொழில் பிறப்பதற்கு அதிக நாள் ஆகவில்லை. 1687 செப்டம்பரில் சென்னைக் கோட்டையிலிருந்து ஆங்கிலேயர் 665 பேரைக் கப்பலேற்றினார்கள். அடுத்த ஆண்டே, தம் குடிகளின் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் திருடப்படுவதாக முகலாய அரசு கொடுத்த நெருக்கடியால், அதே கோட்டை அடிமை ஏற்றுமதியைத் தடை செய்தது.

இந்தச் செய்தி இன்னொரு மறுப்புக்கும் பதிலாகிறது. பசியில் வாடிய பெற்றோர் தாமே பிள்ளைகளை விற்றார்கள், வாங்கியவர்கள் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக் காப்பாற்றினார்கள் என்பது அன்றைய டச்சு, ஆங்கில அதிகாரிகள் சொன்ன சமாதானம். இன்றும் சில நூல்களில் அது வேறு சொற்களில் வருகிறது. பெற்றோர் விற்றது உண்மை. ஆனால் எல்லாரும் அப்படி விற்கப்பட்டவர்கள் இல்லை. போரில் பிடிபட்டவர்கள், திருடப்பட்டவர்கள், வரிப் பாக்கிக்காகப் பறிக்கப்பட்டவர்கள் என்று பலர். மேலும் இது வங்காளத்திலிருந்தும் கலிங்கத்திலிருந்தும் அரக்கானிலிருந்தும் கடல் வழியே அரிசி வந்துகொண்டிருந்த கரை. கப்பலும் பணமும் கிடங்கும் வைத்திருந்த ஒரு நிறுவனம் பசித்த ஊருக்கு அரிசி கொண்டுவந்து விற்றும் லாபம் பார்த்திருக்க முடியும். பசித்தவர்களையே கொண்டுபோவதில் லாபம் கூடுதல் என்று அது கணக்குப் போட்டது. காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால், பணம் தீர்ந்ததால் 2,000 பேரை விட்டுவிட்டோம் என்ற வருத்தம் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

நம் நாட்டில் அடிமை முறை டச்சுக்காரர் வருமுன்பே இருந்தது என்பது கடினமான மறுப்பு. அதை ஒதுக்கிவிட்டுப் போகிறவர் நேர்மையாக எழுதவில்லை என்பேன். 1201-ஆம் ஆண்டைச் சேர்ந்த திருப்பாம்புரம் கல்வெட்டு, பஞ்சத்தில் ஒரு வேளாளர் தம்மையும் தம் இரு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைப் பதிவு செய்கிறது. தொண்டை நாட்டிலும் சோழ நாட்டிலும் நிலத்தோடு சேர்த்து அடிமையாட்களை விற்கும், அடகு வைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அவர்களில் மிகப் பலர் பறையர், பள்ளர் சாதியினர். ஆகவே மனிதரை விலைக்கு வாங்கும் எண்ணத்தை ஐரோப்பியர் இங்கே புகுத்தவில்லை. அவர்கள் புகுத்தியது தூரம். கோயிலுக்கோ மிராசுதாருக்கோ அடிமையானவர் தன் சேரியில், தன் உறவுக்குள், தன் மொழிக்குள் இருந்தார். அது கொடுமை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பண்டாவுக்கோ நன்னம்பிக்கை முனைக்கோ போனவருக்கு அதுவும் மிஞ்சவில்லை. நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளில் ஏறத்தாழ கால்பங்கினர் இந்தியாவிலிருந்து போனவர்கள். சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களுக்கு அங்கே எஜமானர் வைத்த புதுப் பெயரும், அதன் பின்னால் 'கரையிலிருந்து வந்தவர்' என்று பொருள்படும் ஒரு டச்சு ஒட்டும் மட்டுமே பதிவேட்டில் கிடைக்கின்றன. பழவேற்காட்டில் டச்சுக்காரரின் கல்லறைகள் பெயரும் நாளும் குலச்சின்னமும் செதுக்கிய பலகைகளோடு தொல்லியல் துறையின் காவலில் இருக்கின்றன.

உள்ளூர் அடிமை முறையின் இந்தப் பழமைதான் அடுத்த கேள்வியைத் திறக்கிறது. போர் அடிமைகளைத் தந்த இந்த நாட்டில், அடிமை முறையை ஒழிக்க ஒரு போர் ஏன் நடக்கவில்லை? அமெரிக்காவில் நடந்தது. அங்கே 1860 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகள். புதிய ஆட்சிப்பகுதிகளில் அடிமை முறையைப் பரப்பக் கூடாது என்ற கட்சியின் ஆபிரகாம் லிங்கன் அந்த ஆண்டுத் தேர்தலில் வென்றதும், தென் கரோலினா பிரிந்தது. பத்து மாநிலங்கள் பின்தொடர்ந்தன. மாநில உரிமைக்காகப் பிரிந்தோம் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் பிரிந்த மாநிலங்களின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் பேசியபோது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே தம் அரசின் அடித்தளம் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஏப்ரலில் சம்டர் கோட்டைமேல் குண்டு விழுந்தது. கூட்டரசைக் காக்கும் போராகத் தொடங்கியதை விடுதலைப் போராக மாற்றியதில் அடிமைகளுக்கே பெரும்பங்கு உண்டு: அவர்கள் தோட்டங்களை விட்டு வடவர் பாசறைகளுக்கு ஓடினார்கள், ஏறத்தாழ 1,80,000 கறுப்பர் படையில் சேர்ந்தார்கள். 1863 சனவரியில் விடுதலைப் பிரகடனம், 1865-இல் அரசமைப்பின் 13-ஆம் திருத்தம். அதற்குள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட படைவீரர்கள் இறந்திருந்தார்கள்.

இந்தியாவில் அடிமைகள் குறைவு என்பதால் போர் தேவைப்படவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1841 நிலவரப்படி பிரிட்டிஷ் இந்தியாவில் 80 முதல் 90 லட்சம் அடிமைகள் என்று ஆங்கிலேய நிர்வாகி பார்ட்டில் ஃப்ரேர் மதிப்பிட்டார். மதிப்பீடு முன்பின் ஆனாலும் அது அமெரிக்க எண்ணிக்கையைவிடக் குறைவில்லை. வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் அடிமை முறை ஒரு நிலப்பரப்பின் முறை. வரைபடத்தில் கோடு போட்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று காட்டலாம். அந்தக் கோட்டின் இருபுறமும் சட்டமன்றமும் பணமும் படையும் இருந்தன. இங்கே அந்தக் கோடு ஒவ்வொரு ஊருக்குள்ளும், ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஓடியது. கோட்டின் ஒரு பக்கத்தில் மட்டுமே நிலமும் ஆயுதமும் இருந்தன. ஆங்கிலேய ஆட்சியின் நிலவரி மிராசுதாரிடமிருந்து வந்தது. மிராசுதாரின் விளைச்சல் பண்ணையாளின் உழைப்பிலிருந்து வந்தது. ஆள்பவர்கள் யார் பக்கம் சாய்வார்கள் என்பதில் ஐயம் இருக்கவில்லை. 1819-இல் சென்னை வருவாய் வாரியம் மாவட்ட ஆட்சியர்களிடம் அடிமை முறையைப் பற்றி விசாரித்தது; விசாரணை விசாரணையாகவே நின்றது. 1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்கு விலக்கு அளித்தது.

கடைசியில் இந்திய அடிமை முறை பற்றிய 1843-இன் ஐந்தாம் சட்டம் வந்தபோது அதில் நான்கே பிரிவுகள். ஒருவரை அடிமை என்று சொல்லி அரசு அதிகாரி வரிக்காகவோ தீர்ப்புக்காகவோ விற்கக் கூடாது. அடிமை என்ற உரிமையை நீதிமன்றம் ஏற்காது. அடிமை என்ற காரணத்தால் ஒருவர் சம்பாதித்த சொத்தைப் பறிக்க முடியாது. பிறருக்குச் செய்தால் குற்றமாவது அடிமை எனப்படுபவருக்குச் செய்தாலும் குற்றம். அடிமை வைத்திருப்பதே குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. விடுதலையானவருக்கு என்ன மிஞ்சும் என்றும் சொல்லவில்லை. வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டம் 1862-இல்தான், அமெரிக்கப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், நடைமுறைக்கு வந்தது. 1825-இல் பழவேற்காட்டை ஆங்கிலேயரிடம் விட்டுப்போன டச்சுக்காரர், தம் கீழைத் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது 1860-இல்.

போர் இல்லாமல் அமைதியாக ஒழிந்தது நல்லதுதானே என்பது கடைசி மறுப்பு. ரத்தம் சிந்தாதது நல்லது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அமெரிக்கப் போருக்குப் பிறகும் கறுப்பர்கள் குத்தகைக் கடனிலும் தனிச் சட்டங்களிலும் சிக்கினார்கள் என்பதும் உண்மை. ஆனால் இங்கே ஒழிந்தது எது என்று பார்க்க வேண்டும். பழவேற்காடும் பொன்னேரியும் அன்று அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் ட்ரெமன்ஹீர், 1843-க்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துப் பறையர் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதில் அவர் காட்டியவை இரண்டு: கடன், மனை. முன்பணம் வாங்கியவர் தலைமுறைக்கும் அதே பண்ணையில் உழைத்தார். குடியிருந்த மண் மிராசுதாருடையது என்பதால், எதிர்த்தால் அன்றே வெளியேற வேண்டும். அந்த அறிக்கையின் விளைவாக 1892-இல் அரசாணை 1010 மூலம் ஒடுக்கப்பட்டோருக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. அந்த நிலங்களில் பெரும்பகுதி பிறகு கைமாறிப்போனது.

பசிக்கும் வேளையில் ஒரு தொகை, அதற்கு ஈடாக ஒரு உடல் என்ற 1622-இன் கணக்கு, கப்பல் நின்ற பிறகும் நிலத்தில் முன்பணமாகத் தொடர்ந்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் செங்குன்றத்து அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் இருந்து இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட நிகழ்வுகள் இந்த நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவர்கள் மீட்கப்பட்டது 1976-இன் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டத்தின்படி. 1843-இன் சட்டம் தொடாமல் விட்ட இரண்டையும் அந்தச் சட்டம் எழுத்தில் தொட்டது: கொத்தடிமைக் கடன் முழுவதும் செல்லாது; விடுவிக்கப்பட்டவரை அவர் குடியிருந்த மனையிலிருந்து வெளியேற்றக் கூடாது. இடையில் 133 ஆண்டுகள் கழிந்திருந்தன.